நாற்காலி மாறும், தொண்டு மாறாது
துன் சம்பந்தன் வாழ்ந்து காட்டிய வழி



பெரியவனாகி என்ன ஆகப் போறே என்று சின்ன வயசில் நம்ம எல்லாரையும் கேட்டிருப்பாங்க. டாக்டர், வக்கீல், ஆசிரியர், போலீஸ் என்று ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு விளையாடப் போயிருப்போம். அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டால் போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் படிப்பு முடிந்து வேலை தேடும்போது அது மறுபடி வரும். கல்யாணமாகி, வீட்டுக் கடனும் காரின் மாதத் தவணையும் கட்டும்போது வரும். 55 வயசில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரும்போதும் வரும். ஒவ்வொரு தடவையும் பதில் வேறாகத்தான் இருக்கும்.

நம்ம முன்னோர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் வாழ்க்கையைப் பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று நான்கு கட்டமாகப் பிரித்து வைத்தார்கள். சமய வகுப்பில் மனப்பாடம் செய்து, பரிட்சையில் எழுதி, அதோடு மறந்துவிட்ட பாடம் இது. இந்தக் காலத்தில் யார் காட்டுக்குப் போகிறார்கள் என்று நம்ம கிளையில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைத்தான் பதிலாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் துன் வீ. தி. சம்பந்தன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போனவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு சாலையின் பெயராகவும் மோனோரயில் நிலையத்தின் பெயராகவும் தெரிந்திருக்கும். பரிட்சைக்குப் படித்தவர்களுக்கு ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவர் என்று தெரிந்திருக்கும். நம்ம கெடாக்காரர்களுக்கு அவரோடு இன்னொரு உறவும் இருக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கற்கும் காலம்

சம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் தேதி பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அப்பா வீராசாமி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். வந்த இடத்தில் உழைத்து, ஒரு ரப்பர் தோட்டத்துக்கே சொந்தக்காரரானவர். அந்தக் காலத்தில் நம்ம ஆட்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அமையாத நிலை அது. ஆக சம்பந்தன் லயத்து வீட்டில் பிறந்தவர் இல்லை, வசதியான வீட்டுப் பிள்ளை. இதை மறைக்காமல் சொல்லித்தான் ஆகணும். ஏனென்றால் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது அப்போதுதான் புரியும்.

கோலா கங்சாரில் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தமிழும் சைவமும் செழித்த ஊர், தமிழிசைக்கும் தமிழ்க் கல்விக்கும் பேர்போன பல்கலைக்கழகம். வெளியே இந்தியாவின் விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. காந்தியடிகள் சொல்லுக்கு மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்த காலம். சம்பந்தனும் காங்கிரஸ் பக்கம் இழுக்கப்பட்டார். ஒரு தேசம் சாதாரண மக்களை வைத்து எப்படி எழுந்து நிற்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பட்டத்தைவிடப் பெரிய படிப்பு அதுதான்.

பிரம்மசரியம் என்றால் கல்யாணம் ஆகாத காலம் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். எதை நோக்கி வாழப் போகிறோம் என்பதைத் தேடிச் சேர்க்கும் காலம் அது. சம்பந்தன் அங்கே சேர்த்துக்கொண்ட மூலதனம்தான் பின்னால் முப்பது வருஷத்துக்கு அவருக்குச் செலவுக்கு வந்தது.

ஊருக்குத் திரும்பிய மகன்

போர் முடிந்து, அப்பாவும் காலமான பிறகு, 27 வயசு வாக்கில் மலாயாவில் குடும்பப் பொறுப்பு அவர் தோளுக்கு வந்தது. சொத்து இருந்தது, தோட்டம் இருந்தது. நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம்.

அப்போது தோட்டங்களின் நிலை எப்படி இருந்தது என்பதை நம்ம கெடாவை வைத்தே சொல்லலாம். சயாம் மரண ரயில் வேலைக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தவர்களும் உடம்பு கெட்டு வந்தார்கள். சம்பளம் குறைவு. இருந்த கொஞ்ச காசும் சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போனது. அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் இளைஞர்கள் சேர்ந்து தொண்டர் படை அமைத்தார்கள். ஏ. எம். சாமி என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். கள்ளுக்கடை மறியல், ஒழுக்கம், கூலி உயர்வு என்று தோட்டம் தோட்டமாக அது பரவியது. 1947இல் போலீசோடு மோதல் வந்தது, உயிரும் போனது, தலைவர்கள் கைதானார்கள். கெடாத் தோட்டத்து இளைஞர்கள் அன்றைக்கே எழுந்து நின்றவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சுங்கை சிப்புட்டில் சம்பந்தன் வேறு பக்கத்திலிருந்து தொடங்கினார். பள்ளிக்கூடம். 1954இல் அங்கே மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். தோட்டத்துக்குள்ளே நாலு வகுப்போடு முடிந்துவிடும் தமிழ்க் கல்வியைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு, ஊர் நடுவில் அப்படி ஒரு தமிழ்ப்பள்ளி எழுந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளி இன்றும் இருக்கு.

அவர் பிரதமரோடு பழகத் தொடங்கியதும் நாட்டுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்ததும் அதற்கு அப்புறம்தான். முதல் வேலை தன் ஊரில், கைக்கெட்டும் தூரத்தில் செய்த வேலை. பெரிய காரியம் செய்ய ஆசைப்படுகிற தம்பிகள் இந்த வரிசையைக் கவனிக்கணும்.

நாற்காலி வந்த காலம்

1955இல் 35 வயசில் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அதே ஆண்டு ஜூலையில் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். கூட்டணி 52 தொகுதியில் 51ஐ வென்றது. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். சுதந்திரம் கிடைத்த 1957இல் சுகாதாரம், 1959இலிருந்து பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு, 1972இல் தேசிய ஒற்றுமை. கிட்டத்தட்ட இருபது வருஷம் அமைச்சரவையில் இருந்தார். துங்கு அப்துல் ரஹ்மான் நம்ம அலோர் ஸ்டாரில் பிறந்தவர், கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். அவரோடு தோள் நின்று நாட்டைக் கட்டியவர்களில் சம்பந்தனும் ஒருவர்.

1956இல் உமா சுந்தரி அம்மையாரை மணந்தார். வீடு, மனைவி, பதவி, பேர் எல்லாம் அமைந்த இல்லறக் காலம். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான மனிதர்கள் நின்றுவிடுவார்கள். கிடைத்ததைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும். சம்பந்தனை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணமே அவர் இந்தக் கட்டத்தில் செய்த ஒரு காரியம்தான்.

சுதந்திரம் கிடைத்த பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் வியாபாரிகள். முழுத் தோட்டத்தையும் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, கூடுதல் விலைக்குப் பலருக்கு விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்று சொன்னோம்.

துண்டாடினால் என்ன ஆகும்? ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு நிர்வாகம் இருக்கும், லயம் இருக்கும், ஆஸ்பத்திரி, பிள்ளைக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் இருக்கும். அதையே பல துண்டாக்கினால், ஒவ்வொரு துண்டுக்காரரும் தனக்கு வேண்டிய நாலு பேரைக் குத்தகைக்கு வைத்துப் பால் வெட்டிக்கொள்வார். லயத்துக்கும் பள்ளிக்கும் யாரும் பொறுப்பில்லை. மாரியம்மன் கோயில் யார் துண்டில் வருதோ அவர் மனசு வைத்தால்தான் திருவிழா. 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றுபட்டு அமைந்திருந்தது, கூலிக்காக முதலாளியிடம் பேசியது. முதலாளியே தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினால் யாரிடம் போய்ப் பேசுவது?

மூன்று தலைமுறை ஒரே லயத்தில் இருந்தவர்கள் சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்தார்கள். சம்பந்தன் அதற்குக் கண்ட வழி எளிமையானது, கேட்டவர்கள் சிரிக்கக்கூடிய அளவுக்கு எளிமையானது. தோட்டம் விற்பனைக்கு வந்தால் அதைத் தொழிலாளியே வாங்கட்டும்.

பத்து வெள்ளிக் கணக்கு

1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கு நூறு வெள்ளி. நூறு வெள்ளிக்குத் தொழிலாளி எங்கே போவார்? அதனால் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை. ஆயிரக்கணக்கான பேரின் பத்து வெள்ளி சேர்ந்தால் முன்பணம் ஆகும். முன்பணம் இருந்தால் வங்கிக் கடன் கிடைக்கும். தோட்டம் சங்கத்தின் பேரில் முழுசாக வாங்கப்படும். யாரும் தன் பங்கை வெட்டி எடுத்து விற்க முடியாது. துண்டாடலுக்கு இதைவிட நேரான மருந்து கிடையாது.

கணக்கு எளிது, மக்களை நம்ப வைப்பதுதான் கஷ்டம். கங்காணிக்கும் கிராணிக்கும் சீட்டுக்காரருக்கும் கொடுத்து ஏமாந்து பழகியவர்கள். அமைச்சர் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். உமா சுந்தரி அம்மையாரும் கூடவே போய்ப் பெண்களிடம் பேசினார். பால் வெட்டுவதில் பாதிக்கு மேல் பெண்களின் உழைப்பு, சேமிப்பும் அவர்கள் முந்தானை முடிச்சில்தான் இருக்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கு.

என் பாட்டி அந்தக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தவர். சுங்கைப் பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில் விடியக்காலை பெரட்டுக்குப் போய், மங்கு துடைத்துப் பால் வெட்டி, காண்டா தூக்கிய தோள் அவருடையது. பத்து வெள்ளி என்பது அவருக்குப் பல நாள் உழைப்பு. கொடுத்த காசு திரும்பி வராது என்று தாத்தா சண்டை போட்டாராம். பாட்டி கேட்கவில்லை. அந்தப் பங்குப் பத்திரத்தைப் பிஸ்கட் டின்னில், பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அந்தக் காகிதம் என்ன என்று கேட்டால், ஒரு தோட்டத்தில் தனக்கும் பங்கு இருக்கு என்று தெளிவாகச் சொல்வார். மற்றவர் நிலத்திலேயே பிறந்து வளர்ந்தவரின் முகத்தில் அந்தப் பெருமையை நான் பார்த்திருக்கேன்.

இப்போது கெடா உறவைச் சொல்கிறேன். அந்தச் சங்கம் 1961இல் முதன்முதலாக வாங்கிய தோட்டம் நம்ம கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம். நாடெங்கும் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த காசு முதலில் நிலமாக மாறியது நம்ம மண்ணில்தான். அதன் பிறகு பல மாநிலங்களில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

நாற்காலி போன காலம்

எல்லாம் வெற்றிதான் என்று எழுதினால் பொய்யாகிவிடும். 1969 தேர்தல் கூட்டணிக்கு அடி கொடுத்தது, அதைத் தொடர்ந்து மே 13 கலவரம். அதே ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. இங்கேயே உழைத்து, சிவப்பு ஐ.சி.யோடு இருந்த ஆயிரக்கணக்கான தோட்டத்து மக்கள் வேலை இழந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அமைச்சரவையில் இருந்தும் தடுக்க முடியவில்லையே என்று சம்பந்தன் மேல் கோபம் இருந்தது. அவர் மென்மையாகப் பேசிக் காரியம் பார்க்கிறவர், அந்தக் காலத்துக்கு அது போதவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தால் எல்லாத் தோட்டத்தையும் வாங்கிவிடவும் முடியவில்லை.

கட்சிக்குள்ளும் எதிர்ப்பு வளர்ந்தது. கடைசியில் 1973 ஜூன் 30ஆம் தேதி தலைவர் பதவியிலிருந்து விலகினார். மாணிக்கவாசகம் அடுத்த தலைவரானார். 1974இல் அமைச்சர் பதவியும் முடிந்தது. அப்பா விட்டுப்போன தோட்டத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் ஏற்கெனவே கரைந்திருந்தது.

வயசு 55. பதவி இல்லை, பழைய சொத்தும் இல்லை. இந்த இடத்தில் பலர் உடைந்து போவார்கள், இல்லேன்னா தன்னை விலக்கியவர்களைத் திட்டியே மிச்ச வாழ்க்கையை ஓட்டுவார்கள். சம்பந்தனுக்குப் போக ஒரு இடம் இருந்தது. பதவியின் நடுவில், தொழிலாளியின் பத்து வெள்ளியை வைத்துத் தொடங்கிய சங்கம். கடைசி வரைக்கும் அதன் வேலையிலேயே இருந்தார்.

1979 மே 18ஆம் தேதி காலமானார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் அறுபது நிறைந்திருக்கும். அவருக்குப் பிறகு உமா சுந்தரி அம்மையார் சங்கத்தின் தலைமையை ஏற்று நடத்தினார்.

நமக்கு என்ன?

கிளையில் அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்தக் காலத்தில் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, நாற்காலி இல்லாத நாளைக்கு ஒரு தொண்டை விதைத்து வைக்கணும். வானப்பிரஸ்தம் 55 வயசில் திடீரென்று வருவதில்லை, 40 வயசில் விதை போட்டவருக்குத்தான் அது அமையும். சம்பந்தன் மாணவராக, பள்ளி கட்டியவராக, அமைச்சராக, கூட்டுறவுக்காரராக நாலு வேலை செய்தார். நாலிலும் ஒரே நோக்கம், நம்ம மக்கள் சொந்தக் காலில் நிற்கணும். வேலை வயசுக்கு ஏற்ப மாறியது, நோக்கம் மாறவில்லை.

நம்ம கெடாவும் மாறிவிட்டது. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்தன. 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்கில்தான் இன்றைக்கு நம்ம பிள்ளைகள் பலர் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். நானும் அப்படிப் போகிறவன்தான். ஒரு கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது, பதினெட்டு வருஷம் வேலை செய்த என் நண்பர் ஒருவர் ஒரு வாரம் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. பணக் கஷ்டம் அப்புறம். நான் இனிமேல் யாரு என்கிற கேள்விதான் அவரை முதலில் அடித்தது. சீருடையும் அடையாள அட்டையும்தான் தன் முகம் என்று நினைத்துவிட்டார். பிறகு அவர் கோயிலில் சனிக்கிழமை தேவார வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். வேறு வேலை கிடைக்க ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் அவரைத் தாங்கியது அந்தச் சனிக்கிழமைகள்தான்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். படிக்கிற வயசா, படிப்போடு சேர்த்து எதற்காகப் படிக்கிறேன் என்பதையும் தேடுங்க. சம்பாதிக்கிற வயசா, வாரத்தில் இரண்டு மணி நேரத்தைச் சம்பளம் இல்லாத ஒரு வேலைக்கு ஒதுக்கி வையுங்க. டியூஷன் வகுப்பு, கோயில் கணக்கு, கூட்டுறவு, இரத்த தானம், எது உங்களுக்கு ஒத்து வருதோ அது. பொறுப்பில் இருக்கிறவரா, நீங்க போன பிறகும் நடக்கிற மாதிரி அதை அமைத்துவிட்டுப் போங்க. ஒன்பது வருஷமாகக் கிளைச் செயலாளராக இருந்த நான் இந்த வருஷம் அந்தப் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் கொடுக்கிறேன். கணக்குப் புத்தகமும் சாவியும் கொடுத்தாச்சு. இனி கூட்டத்துக்கு நாற்காலி போடுகிற வேலைக்கு வருவேன்.

கடைசியாக ஒன்று. தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தவங்கன்னா, வீட்டில் இருக்கிற பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்க. அந்தப் பத்து வெள்ளிக் காலத்துப் பங்குப் பத்திரம் ஒன்று அதில் இருக்கலாம். இருந்தால், அது வாரிசு பேருக்கு மாற்றப்பட்டிருக்கா என்று சங்கத்தில் விசாரிங்க. அதோடு, அந்தப் பத்து வெள்ளியை எப்படிச் சேர்த்தாங்க என்று பெரியவங்க உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு வையுங்க.